மச்சான் வீட்டில் கை நனைக்காத மூன்று நாள்

ஏழு வருடங்களுக்கு முன்னால் ஒரு சபதம் எடுத்தேன். என் மனைவியின் அண்ணன் சேது மச்சான் வீட்டில் இனிமேல் கை நனைப்பதில்லை; ஒரு வாய்ச் சோறோ ஒரு மடக்குத் தண்ணீரோ கூடக் கிடையாது. பயங்கரமான சபதம்தான். அதில் ஒரே ஒரு குறை, மச்சானிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் இருப்பது மும்பையில், நான் இருப்பது காரைக்குடியில். அவர் வீட்டு வாசலையே மிதிக்காத ஒருவன் அங்கே சாப்பிடவில்லை என்பதை அவர் எப்படிக் கவனித்திருக்க முடியும்? எதிராளிக்கே தெரியாமல் ஏழு வருடம் நடந்த பகை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, ஐம்பது பேர் பாயசத்தோடு நின்றுகொண்டிருந்த கூடத்தில், மச்சான் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வீடு அம்சமா இருக்கு மாப்ளே. காத்து மட்டும் வந்துருச்சுன்னாப் போதும்.” ஐம்பது பேரும் சிரித்தார்கள். பாயசம் பரிமாறியவர்கூடச் சிரித்தார். என் வீட்டுக்கு ஆறு சன்னல். அதில் நான்கு பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருந்தால் அது என் குற்றமா?

நான் வேலை பார்ப்பது ஒரு கல்லூரி நூலகத்தில். அங்கே வருபவர்களில் பாதிப் பேர் மின்விசிறிக்காக வருகிறவர்கள். அவர்களோடு உட்கார்ந்து உலகத்துப் பகைகளைப் பற்றியெல்லாம் நிறையப் படித்திருக்கிறேன். படிப்பு எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை. சபதத்தில் சட்ட ஓட்டை கண்டுபிடிக்க மட்டும் உதவியது. கொத்தமங்கலத்தில் இருக்கும் மாமியார் வீடு மச்சான் பேரில் இல்லை, மாமியார் பேரில் இருக்கிறது. ஆகவே அங்கே நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிடலாம் என்று முதல் வாரமே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

சிக்கல் இந்த வருடம் வந்தது. மகள் மீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வந்தால்தான் பெண் வருவாள். அந்தத் தாய்மாமனைச் செல்போனில் படம் அனுப்பி அழைக்க முடியாது. நேரில் போய், கணவன் மனைவி இருவரையும் நிற்கவைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டை நீட்ட வேண்டும். அதற்கு முன் அழைக்கப் போனவர் அந்த வீட்டில் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் நீட்டினால், வந்தால் வா, வராவிட்டால் போ என்று அர்த்தம்.

“மாமா வரலைன்னா நான் மணவறையில ஏற மாட்டேன்ப்பா,” என்று மீனா சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

ஊர்ப் பக்கத்து அழைப்புகளை எல்லாம் என் மனைவி தெய்வானை எடுத்துக்கொண்டாள். மும்பை என் தலையில் விழுந்தது. சபதம் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பையில் மகிழம்பூ முறுக்கு டப்பாவைத் திணித்துக்கொண்டே சொன்னாள்: “சனிக்கிழமை அஷ்டமி, குடுக்காதீக. ஞாயிறு கரிநாள். திங்கக்கிழமை காலைல ஏழரைக்கு ராகு காலம், அதுக்குள்ள குடுத்துருங்க. அங்க போயி ஒங்க வீம்பக் காட்டாதீக.”

மூன்று நாள் மச்சான் வீட்டில் தங்கினால் சபதம் முதல் காபியிலேயே செத்துவிடும். ஆகவே மாட்டுங்காவில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, நண்பர் வீட்டில் இருக்கிறேன் என்று மச்சானிடம் புளுகினேன். அறைக்கு ஒரு சன்னல் இருந்தது. திறந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் சுவர். சொந்த ஊரை விட்டு வந்த உணர்வே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் மச்சான் வீட்டுக்குப் போக வேண்டும். சாப்பிட்டுவிட்டேன் என்று உண்மையாகவே சொல்வதற்காக, முதலில் தெருவில் சாப்பிட்டேன். வடா பாவ் என்பது உருளைக்கிழங்கு போண்டாவைப் பன்னுக்குள் வைத்து அமுக்கி, பூண்டுப் பொடியைத் தூவி, கேட்டவன் கையில் அடிப்பது மாதிரி வைப்பது. நம் ஊரில் போண்டாவுக்கு இலை போட்டு, சட்னி ஊற்றி, இன்னும் கொஞ்சம் என்று கேட்க ஆள் நிற்பார்கள். இங்கே மூன்று வாயில் தின்றுவிட்டு மனிதர்கள் ஓடுகிறார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று விசாரிக்க எனக்கு இந்தி தெரியவில்லை. நானும் இரண்டைத் தின்றுவிட்டு, காரணமில்லாமல் கொஞ்ச தூரம் ஓடினேன்.

மச்சான் குடியிருப்பது வடாலாவில், பத்தொன்பதாவது மாடியில். அவர் பெயரைச் சொன்னதும் வாசல் காவலாளி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். எனக்குப் பொறாமை அங்கேயே தொடங்கியது. எங்கள் கல்லூரிக் காவலாளி என்னைப் பார்த்தால் பீடியைக்கூட மறைப்பதில்லை.

பொறாமையில் நான் அனுபவசாலி என்பதைச் சொல்ல வேண்டும். கானாடுகாத்தானில், தெரு முனையிலிருந்து மறு தெரு முனை வரை நீளும் அரண்மனை வீடுகளின் வாசலைக் கடந்து பள்ளிக்கூடம் போனவன் நான். பாதி வீடு பூட்டிக் கிடக்கும். ஆளில்லாத வீட்டின் மேல் பொறாமைப்படுவது கடினம், பயிற்சி வேண்டும். நான் பூட்டின் மேலேயே பொறாமைப்பட்டிருக்கிறேன். அவ்வளவு தேர்ச்சி பெற்றவனையும் மச்சான் வீட்டு வரவேற்பறை ஆட்டிவிட்டது.

“வாங்க மாப்ளே! வாரீகன்னு சொன்னதுல இருந்து கலா அடுப்ப விட்டு நகரல,” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். “இங்குட்டு வாங்க. மொதல்ல இதப் பாருங்க.”

பால்கனி. எதிரே இரண்டு பெரிய கட்டடங்கள். அவற்றுக்கு நடுவே, கையை நீட்டி அளந்தால் நாலு விரல் அகலத்துக்குக் கடல் தெரிந்தது. அதில் ஒரு கப்பல் இந்தக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து வந்து அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் போனது.

“அது போதும் மாப்ளே. ஆபீஸ் விட்டு வந்து அஞ்சு நிமிசம் நின்னாப் போதும்,” என்றார் மச்சான். பிறகு சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாத முகத்தோடு, “காத்துதான் இங்க ரொம்ப சாஸ்தி,” என்றார்.

என் வேட்டி கொடி மாதிரிப் பறந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். அந்தக் காற்றில் கால்வாசி என் வீட்டுக்கு வந்திருந்தால் இந்தச் சபதமே பிறந்திருக்காது. நான் படித்த புத்தகங்களில் பயணிகள் கடலைக் கண்டதும் தங்களை மறந்துபோவார்கள். நான் கடலைத்தான் மறந்தேன்.

மச்சான் மனைவி கலா இடியப்பமும் கத்தரிக்காய்க் கோசுமல்லியும் செய்திருந்தது. வாசனை காலைப் பிடித்து இழுத்தது. “வயிறு சரியில்லம்மா. டாக்டர் வெளிச் சாப்பாடு சாப்புடக் கூடாதுன்னுருக்காரு,” என்றேன்.

“எங்க வீட்டுச் சாப்பாடு வெளிச் சாப்பாடா அண்ணே?” என்றது கலா.

ஒரு டம்ளர் வெந்நீர்? வேண்டாம். மோர்? வேண்டாம். இரண்டு மணி நேரம் உலர்ந்த வாயோடு அவர்கள் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே இறங்கியதும் முதல் கடையில் இரண்டு கிளாஸ் கட்டிங் சாய் குடித்தேன். கட்டிங் சாய் என்பது பாதி கிளாஸ் டீ. இந்த ஊரில் முழு கிளாஸ் டீக்கு யாருக்கும் நேரம் இல்லை. அதன் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. எனக்கு எப்போதும் நேரம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஊர் சுற்றிக் காட்டினார். மரைன் டிரைவ் சுவரில் உட்கார்ந்தோம். முன்னால் முழுக்கடல், கட்டடத்தின் இடைஞ்சல் இல்லாமல், இலவசமாக. ஒரு கிழவர் செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்து அங்கேயே படுத்துத் தூங்கினார். பக்கத்தில் ஒரு பெண் தன் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்று மச்சானிடம் கேட்டேன். “‘ஒங்க அம்மாகிட்டப் பேசுற தொனியில எங்கிட்டப் பேசாதீங்க’ங்கிறா,” என்று மொழிபெயர்த்தார். எங்கள் ஊரில் இந்த வாக்கியம் மூடிய கதவுக்குப் பின்னால் சொல்லப்படும். இங்கே அரபிக்கடலுக்கு முன்னால் சொல்கிறார்கள், ஒரு ஆளும் திரும்பிப் பார்ப்பதில்லை. காரைக்குடியில் நான் தெருவில் தும்மினால் சாயங்காலத்துக்குள் நாலு பேர் கஷாயம் சொல்வார்கள்.

மச்சான் வேர்க்கடலை வாங்கி நீட்டினார். இங்கே ஒரு சட்டப் பிரச்சினை. சபதம் அவர் வீட்டுக்குத்தானே? கடற்கரையில் அவர் வாங்கித் தரும் கடலை எதில் சேர்த்தி? யோசித்துவிட்டு, வேண்டாம், பல்வலி என்றேன்.

“நேத்து வயிறுன்னீக.”

“இன்னைக்குப் பல்லு, மச்சான்.”

அவர் கடலையைத் தனியாக, ஒவ்வொன்றாகத் தின்றார்.

திரும்பும்போது லோக்கல் ரயில். தாதரில் இறங்க வேண்டும். மச்சான் இறங்கினார். நான் இறங்க ஒரு காலை எடுத்து வைத்தேன். அந்த நேரத்தில் ஏற வந்த முப்பது பேர், எந்த விரோதமும் இல்லாமல், என்னைத் தூக்கிப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். ரயில் நகர்ந்தது. நடைமேடையில் மச்சான் சிறிதாகிக்கொண்டே போனார். பக்கத்திலிருந்த ஒரு இளைஞர் தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி, “அண்ணா, பாந்த்ரா. இறங்கு,” என்றார். ரயில் அங்கே நின்றதும் அவரே முதுகில் கை வைத்துத் தள்ளி இறக்கிவிட்டார். ஒரு ஊர் தெரியாதவனை இதைவிட அன்பாகத் தள்ள முடியாது.

மச்சானுக்குப் போன் போட்டேன். “அங்கனயே நில்லுங்க மாப்ளே, வாரேன்,” என்றார். வெளியே ஒரு கடைப் பக்கத்தில் நிற்பதாகச் சொன்னேன். நின்றேன். காலையிலிருந்து பட்டினி. கடையில் மிசல் பாவ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முளைகட்டிய பயறைச் சிவக்கச் சிவக்கக் குழம்பு வைத்து, மேலே மிக்சரைக் கொட்டித் தருகிறார்கள். நம் காரத்துக்குச் சொந்தக்காரம். கண்ணில் நீர் வர ஒரு தட்டு முடித்து, இரண்டாவது தட்டில் பன்னைத் துடைத்து வாயில் போடும்போது, எதிரே மச்சான் நின்றுகொண்டிருந்தார்.

வயிறும் பல்லும் சரியில்லாதவன் கன்னம் இரண்டும் உப்ப நின்றேன். மென்றாலும் தப்பு, துப்பினாலும் தப்பு.

“ஒங்களுக்கு எங்க வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் ஆகாதா மாப்ளே?” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. டாக்சியில் வரும்போது, நாளைக் காலை பத்திரிகை வைக்க வருகிறேன் என்றேன். சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “வாங்க. கல்யாணத்துக்கு லீவு கெடைக்குமான்னு பாக்கணும்,” என்றார்.

லீவு கிடைக்காது என்பது எனக்கு அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. மீனாவின் முகம் கண் முன்னால் வந்தது. மாலையும் கையுமாக நிற்க ஆள் இல்லாத வாசலும் வந்தது.

தெய்வானைக்குப் போன் செய்து, லீவு விஷயத்தை மட்டும் சொன்னேன், மிசல் பாவைச் சொல்லவில்லை. ஒரு வசவு வரும் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தேன். “சரி, வைங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த வெற்றிலை வாடிச் சுருண்டிருந்தது. லாட்ஜ் மேனேஜர் பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். பக்கத்து பான் கடைக்குக் கூட்டிப்போனார். வெறும் வெற்றிலை வேண்டும் என்றதும் கடைக்காரர் குழம்பினார். கல்யாண அழைப்புக்கு, மனைவியின் அண்ணனுக்கு என்று மேனேஜர் விளக்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். இந்தியில் மனைவியின் சகோதரனைக் குறிக்கும் சொல்லே ஒரு வசவாம். அந்த மொழியின் மேல் எனக்கு முதன்முறையாக மரியாதை வந்தது. ஆனால் அவர் ஒவ்வொரு இலையாக விளக்கில் தூக்கிப் பார்த்து, நுனி கிழியாததாகப் பொறுக்கினார். “மச்சானுக்குன்னா ஓட்டை இருக்கக் கூடாதாம். அவங்க அதைத்தான் முதல்ல பார்ப்பாங்களாம்,” என்று மேனேஜர் மொழிபெயர்த்தார். எல்லா ஊரிலும் மச்சான்கள் ஒன்றுதான்.

திங்கட்கிழமை ஆறரைக்கு வடாலா வந்துவிட்டேன். ஒரே அச்சில் வார்த்த மூன்று கட்டடங்கள். பதற்றத்தில் பக்கத்துக் கட்டடத்தின் பத்தொன்பதாவது மாடிக்குப் போய் மணியடித்தேன். துண்டு கட்டிய ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், குங்குமம், நெற்றி நிறைய விபூதியோடு நான். அவர் கைகூப்பிக் கும்பிட்டு, குங்குமத்தை எடுத்து நெற்றியில் இட்டு, ஒரு வாழைப்பழத்தைப் பிரசாதமாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டார். கேட்க மொழியும் இல்லை, நேரமும் இல்லை. அங்கிருந்து இறங்கி, சரியான கட்டடத்தைக் கண்டுபிடித்து ஏறியபோது ஏழு மணி ஐந்து நிமிடம்.

மச்சான் ஆபீஸ் சட்டையில் இருந்தார். கலா அடுப்படியில் வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வரமிளகாய்ச் சட்னி. தாம்பாளத்தை நீட்டினேன். மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“மேசையில வைங்க மாப்ளே. ஒரு வாய் சாப்புடுங்க. அப்பறம் வாங்கிக்கிறேன்.”

“ராகு காலம் வந்துரும் மச்சான்.”

“வரட்டும். சாப்புடாம நீட்டுனா என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும். நானும் அங்குட்டு இருந்து வந்தவன்தான்.”

சுவர்க் கடிகாரம் ஏழு பத்து காட்டியது. கலா கரண்டியோடு வந்து நின்றது. இனி வயிறு, பல் என்று எந்த உறுப்பையும் இழுக்க முடியாது. சொல்லிவிட்டேன். பால் காய்ச்சிய நாள், பாயசம், ஐம்பது பேர், காற்று, சபதம் எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது ஐந்து வயதுப் பிள்ளை சொல்லும் புகார் மாதிரி இருந்தது.

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கலாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அன்னைக்கு நான் வேணும்னுதான் சொன்னேன் மாப்ளே. அப்ப இங்க ஒரே ரூம்ல நாலு பேரு கெடந்தோம். நீங்க என்னடான்னா ஆறு சன்னல் வச்சு வீடு கட்டிட்டு, பட்டு வேட்டியோட நிக்கிறீக. வயித்தெரிச்சல். வேறென்ன சொல்ல? ஒங்க மேல பொறாமைல சொல்லிட்டேன்.”

பொறாமை! என் மேல்! ஏழு வருடம் நான் படிக்காத செய்தி. மும்பையில் ஒரு மனிதர் என் ஆறு சன்னலை நினைத்து வயிறு எரிந்திருக்கிறார், அதன் ருசி தெரியாமலே நான் ஏழு வருடத்தை வீணாக்கியிருக்கிறேன். பத்தொன்பதாவது மாடி, சல்யூட், நாலு விரல் கடல் எல்லாம் ஒரு நொடியில் சாதாரணமாகிவிட்டன.

“ரெண்டு போடும்மா,” என்றேன்.

ஒன்பது பணியாரம் சாப்பிட்டேன். ஏழு இருபத்தாறுக்குக் கை கழுவினேன். மச்சானும் கலாவும் கிழக்கே பார்த்து நிற்க, தாம்பாளத்தைக் கொடுத்தேன். மச்சான் பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பிள்ளைக்கு மாலை நான்தான் போடணும். ஒரு வாரம் முன்னாடியே வாரோம்,” என்றார். பிறகு குனிந்து பார்த்து, “பழம் ஒண்ணு கொறையுதே?” என்றார். பான் கடைக்காரர் சொன்னது சரிதான்.

கிளம்பும் முன் பால்கனியில் ஒரு நிமிடம் நின்றேன். காற்று நல்ல காற்றுதான். தாராளமாகப் பாராட்டினேன். நம் மேல் பொறாமைப்படுகிறவரைப் பாராட்டுவது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் கண்டேன்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு வாரம் நான் நடந்த நடையே வேறு. நூலகத்தில் மின்விசிறிக்கு வந்தவர்களிடம்கூடக் கதையைச் சொன்னேன். வீட்டில் தெய்வானையிடம் தினமும் ஒரு தடவை. ஒரு மத்தியானம், அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, நான் ஆறு சன்னலையும் திறந்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன்: “பம்பாயில அவ்வளவு பெரிய ஆளு. ஆனா நம்ம வீட்டப் பாத்து ஏழு வருசமா மனசுக்குள்ள…”

மின்சாரம் போனது. விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

தெய்வானை தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “ஞாயித்துக்கெழம சாயங்காலமே நான் அண்ணிக்குப் போனப் போட்டு ஒங்க வீம்பு எதுக்குன்னு சொல்லிட்டேன். ‘பொறாமைல சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, மளமளன்னு சாப்புட்டுருவாரு’ன்னு அண்ணிதான் எங்கண்ணனுக்குச் சொல்லிக் குடுத்துச்சு. அந்த விசிறி மட்டைய எடுங்க இங்குட்டு. ஆறு சன்னலத் தொறந்தும் எங்க காத்து வருது? எங்கண்ணன் அன்னைக்கே சொன்னுச்சு.”